தூக்கம்: தொட்டில் பிள்ளை முதல் தாத்தா வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காய்ச்சல், சளிக்கு அடுத்தபடியாக எங்கள் கவுன்டரில் அதிகம் அடிபடும் பேச்சு தூக்கம்தான். பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை, பையன் காலையில் எழுவதில்லை, அப்பா மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், ஏதாவது கொடுங்கள் என்பார்கள். பெரும்பாலும் பதிலைக் கொடுத்தே அனுப்புகிறேன். அந்தப் பதில்களை வயது வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று தலைமுறை இருக்கும் வீட்டில் மூன்று விதமான உடல் கடிகாரங்கள் ஓடுகின்றன. தூக்கம் பற்றிய சண்டைகளில் பாதி, ஒருவர் கடிகாரத்தை இன்னொருவர் தலையில் கட்டப் பார்ப்பதால் வருவது.

ஒருவருக்கு எத்தனை மணி நேரம் தூக்கம் வேண்டும்? எல்லாருக்கும் எட்டு மணி நேரம்தானே?

எட்டு என்பது பெரியவர்களுக்கான குத்துமதிப்பு. அமெரிக்காவின் நேஷனல் ஸ்லீப் பவுண்டேஷன் 2015-ல் வெளியிட்ட பரிந்துரை இப்படிப் போகிறது: பிறந்தது முதல் 3 மாதம் வரை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம். 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 15. ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14. 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13. பள்ளிக்கூடம் போகும் 6 முதல் 13 வயதில் 9 முதல் 11. 14 முதல் 17 வயதில் 8 முதல் 10. 18 முதல் 64 வரை 7 முதல் 9. 65-க்கு மேல் 7 முதல் 8. சின்னப் பிள்ளைகளின் கணக்கில் பகல் தூக்கமும் அடக்கம்.

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். முப்பது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் தேவையில் பெரிய வித்தியாசம் இல்லை. 'வயசானா தூக்கம் எதுக்கு' என்று நாம் சொல்வது சரியில்லை. தேவை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, ஒரே மூச்சில் தூங்கும் திறன்தான் குறைகிறது.

அதற்காக யாரும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டாம். ஆளுக்கு ஆள் ஒரு மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, சீட் கிடைத்த மறு நிமிடமே கண் சொக்குகிறது என்றால் உங்களுக்குத் தூக்கம் பற்றவில்லை. பகல் முழுக்கத் தெளிவாக இருந்தால் ஆறே முக்கால் மணி நேரமும் போதுமானதுதான்.

சிலருக்குச் சீக்கிரம் தூக்கம் வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. எது இதைத் தீர்மானிக்கிறது?

இரண்டு விஷயங்கள். சூரிக் நகரத்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-ல் சொன்ன விளக்கம்தான் இன்றும் அடிப்படை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய், தூங்கச் சொல்லி அழுத்தும். தூங்கும்போது அது கரையும். இது ஒன்று. மற்றது, மூளையின் அடியில் கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் உடல் கடிகாரம். மாலை இருட்டியதும், உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்வதும், விடியலில் நிறுத்தச் சொல்வதும் அதுதான். இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மனித உடல் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகவே ஓடும். தினமும் காலை வெளிச்சம் அதைச் சரி செய்கிறது. இதில் ஒரு உள்ளூர்ச் சங்கதி: இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சேலம் 78 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வரச் சுமாராகப் பன்னிரண்டேகால் ஆகிவிடும். சுவர்க் கடிகாரத்தில் காலை ஐந்து மணி என்றால் உடம்புக்கு அது ஐந்தே ஆகவில்லை. ஐந்து மணி டியூஷனுக்குப் பிள்ளையை எழுப்பும்போது இது நினைவிருக்கட்டும்.

மருமகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். பிள்ளை பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி பூரா கொட்டக் கொட்ட விழிக்கிறது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. பிறந்த பிள்ளைக்கு உடல் கடிகாரம் இன்னும் ஒழுங்காக ஓட ஆரம்பிக்கவில்லை. பசிதான் அதன் கடிகாரம். வயிறு சின்னது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்கும். இரண்டு, மூன்று மாதத்தில் ராத்திரி பகல் பிடிபட ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் பல பிள்ளைகள் இரவில் நீளமாகத் தூங்கும், சில பிள்ளைகள் தூங்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மருமகளைக் குறை சொல்ல வேண்டாம்.

பெரியவர்கள் தூக்கத்தில் ஒரு சுற்று என்பது சுமார் 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். அதில் பாதி, கண் இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் தூக்கம், அதாவது கனவுத் தூக்கம். பெரியவர்களுக்கு இது கால் பங்குதான். இந்த நேரத்தில் பிள்ளை முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், மூச்சு ஏறி இறங்கும். 'நரி வெரட்டுது' என்று நம் ஆயாக்கள் சொல்வார்களே, அதுதான். சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் முதலில் தூங்கும் கைக்குழந்தைகளின் இமைகளைத்தான் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் தன் எட்டு வயது மகனைக் கருவியில் பூட்டி விடிய விடியப் பதிவு செய்தார். 1953-ல் அவரும் அவருடைய பேராசிரியர் கிளெய்ட்மனும் இதை வெளியிட்டார்கள். ஆயாக்களுக்கு அது முன்பே தெரியும், காரணம் மட்டும் நரியின் மேல் போய்விட்டது.

நடைமுறையில் ஒரு யோசனை. பிள்ளை முனகி நெளிந்ததும் பாய்ந்து தூக்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பல நேரம் கண்ணைத் திறக்காமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டுச் சத்தம் இருக்கட்டும். இரவுப் பாலைச் சின்ன விளக்கில், கொஞ்சல் பேச்சு இல்லாமல் கொடுங்கள். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கும், பகல் பாலில் அனேகமாக இருக்காது. தாயின் கடிகாரம் பாலோடு பிள்ளைக்கும் கொஞ்சம் போய்ச் சேருகிறது.

தூளியில் போடலாமா? குப்புறப் படுத்தால்தான் நன்றாகத் தூங்குகிறது.

ஒரு வயது வரை மல்லாத்திப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. குப்புறப் படுக்கும் பிள்ளை ஆழ்ந்து தூங்குவது உண்மைதான், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, மூச்சு தடைப்பட்டால் விழித்துக்கொள்ளாது. அமெரிக்காவில் 1994-ல் மல்லாத்திப் படுக்கவைக்கும் பிரச்சாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்கும் பச்சிளம் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

தூளியை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் அம்மாப்பேட்டையில் யாரும் என்னை மதிக்க மாட்டார்கள். ஆட்டினால் பிள்ளை தூங்குகிறது, தாய்க்குக் கை ஓய்கிறது. ஆனால் சேலைத் துணி வளைந்து கொடுப்பதால் பச்சிளம் பிள்ளையின் முகவாய் நெஞ்சில் போய் இடித்து மூச்சுப் பாதை மடங்கக்கூடும். அதனால் ஆட்டித் தூங்க வைத்த பிறகு, கண் அயர்ந்ததும் சமதளமான, அழுத்தமான பாயில் மாற்றிப் படுக்க வையுங்கள். இரவு முழுக்கத் தூளியில் விட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போகாதீர்கள். தலையணை, மெத்து மெத்தென்ற பொம்மை, கனமான போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். குளிப்பாட்டியபின் அறை நிறையச் சாம்பிராணிப் புகை போடுவதும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

தூங்க வைக்கச் சொட்டு மருந்து ஏதாவது?

கிடையாது. கிரைப் வாட்டர் தூக்க மருந்து இல்லை, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் தேவையும் இல்லை. சளி மருந்து கொடுத்தால் தூங்கிவிடும் என்று கேட்டு வாங்கப் பார்ப்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருக்கிறது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் மத்தியானத் தூக்கம் எப்போது நிற்கும்?

ஒன்றரை வயது வாக்கில் இரண்டு தூக்கம் ஒன்றாகும். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அதுவும் நிற்கும். நான்கு வயதுப் பிள்ளை மத்தியானம் தூங்கிவிட்டு ராத்திரி பத்தரைக்கு ஆட்டம் போட்டால், மத்தியானத்தைச் சுருக்கலாம். மாலை ஐந்து மணிக்கு எரிச்சலில் அழுது புரண்டால் இன்னும் தூக்கம் வேண்டியிருக்கிறது என்று பொருள்.

மூன்றரை வயது. தூங்கி ஒரு மணி நேரத்தில் வீறிட்டு எழுந்து உட்காருகிறான். கண் திறந்திருக்கிறது, என்னையே தெரியவில்லை. மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார்.

இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் அப்போதுதான். அந்த ஆழத்திலிருந்து மூளை பாதி விழித்து, பாதி தூங்கிக்கொண்டிருக்கும் நிலைதான் இது. பிள்ளை வியர்த்து, நெஞ்சு படபடத்து, பார்க்கவே பயமாக இருக்கும். பத்து நிமிடத்தில் தானே அடங்கிவிடும். காலையில் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது, பயந்தது நீங்கள் மட்டும்தான். உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். விடியற்காலையில் அழுது, கண்ட கனவைச் சொன்னால் அது வேறு, சாதாரணக் கெட்ட கனவு.

தூக்கம் கெட்ட நாட்களில் இது அதிகம் வரும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் ஊரே ஒலிபெருக்கியும் வெளிச்சமுமாக இருக்கும், பிள்ளைகள் பதினொரு மணிக்குத்தான் படுக்கும். அடுத்த வாரம் இதே கேள்வியோடு கடைக்கு வருவார்கள். மந்திரித்தால் தப்பில்லை, மாமியாருக்கு நிம்மதி. கூடவே ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். வாரத்தில் பல நாள் வந்தாலோ, கை கால் ஒரு பக்கமாக வெட்டி இழுத்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆறு வயதுப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறது.

சளி இருக்கும்போது மட்டும் என்றால் விட்டுவிடலாம். எப்போதும் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கின் பின்னால் அடினாய்டு என்ற சதையும், தொண்டையில் டான்சிலும் வீங்கியிருக்கலாம். இப்படித் தூக்கம் கெடும் பிள்ளை பெரியவர்கள் மாதிரி தூங்கி வழியாது. துறுதுறுவென்று ஓடும், பாடத்தில் கவனம் நிற்காது, சேட்டைக்காரன் என்று பள்ளியில் பெயர் வாங்கும். படுக்கையை நனைப்பதும் சேர்ந்து வரலாம். குறட்டை இல்லாமல் நனைப்பது ஐந்து, ஆறு வயதில் சகஜம், அடிக்காதீர்கள்.

பையன் பிளஸ் டூ. ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் தூக்கம் வரவில்லை என்கிறான். காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பினால் எருமை மாதிரி கிடக்கிறான். போன்தானே காரணம்?

போனும் ஒரு காரணம். ஆனால் போனே இல்லாத காலத்திலும் இந்த வயதுப் பிள்ளைகள் இப்படித்தான். பருவம் வரும்போது உடல் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது, இரவில் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது. கூடவே, தூக்க அழுத்தம் சேரும் வேகமும் குறைகிறது. ஏழு வயதில் ஒன்பது மணிக்குச் சாய்ந்த பிள்ளைக்குப் பதினேழு வயதில் பதினொன்று வரை உண்மையிலேயே தூக்கம் வராது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடான் பல்லாண்டு செய்த ஆய்வுகள் இதை நிலைநாட்டின. ஆண் பிள்ளைகளுக்கு இந்தத் தள்ளல் கொஞ்சம் அதிகம். இருபது வயதைத் தாண்டினால் மெல்லத் திரும்பி வரும்.

ஆக, பையனுக்குத் தேவை எட்டு மணி நேரத்துக்கு மேல். தூக்கம் வருவதோ பதினொன்றரைக்கு. ஐந்து மணிக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். வெட்டப்படுவது எந்தப் பகுதி என்பது முக்கியம். கனவுத் தூக்கம் விடியற்காலைப் பக்கம்தான் அடர்த்தி. படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான், அதில் கனவுத் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. ஐந்து மணி டியூஷனில் உட்கார்ந்து, முந்தின இரவு படித்ததைத் தொலைக்கிறான். அப்புறம் அவன் அம்மா என் கடைக்கு வந்து ஞாபகசக்தி டானிக் கேட்கிறார். அலமாரியில் இருக்கிறது, விற்றால் எனக்கு லாபம். காலையில் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கவிடுங்கள் என்று சொன்னால் அவருக்கு என் மேல்தான் கோபம்.

உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் சொன்னது. கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகிறது. நம் ஊரில் நாலரைக்கு மணியடித்துப் பிள்ளைகளை எழுப்பும் விடுதிப் பள்ளிகள் அதையே விளம்பரமாகப் போட்டுக்கொள்கின்றன. பெற்றோரும் அதைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

டியூஷன் நேரத்தை மாற்ற முடியாது என்றால் செய்யக்கூடியது இவ்வளவு. எழுந்ததும் வெளிச்சத்தில் கால் மணி நேரம் நிற்கட்டும், இருட்டாக இருந்தால் பளிச்சென்று டியூப் லைட் போடுங்கள். மாலை பள்ளி விட்டு வந்ததும் இருபது நிமிடம் படுக்கட்டும், ஏழு மணிக்கு மேல் வேண்டாம். பத்து மணிக்குப் போன் ஹாலுக்கு வந்துவிட வேண்டும், உங்கள் போனும்தான். ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிடுங்கள். மத்தியானம் வரை விட்டால் திங்கட்கிழமை இன்னும் சிரமம்.

மாசமாக இருக்கிறேன். முதலில் எப்போதும் தூக்கம், இப்போது ஏழாம் மாதம், தூக்கமே இல்லை.

முதல் மூன்று மாதத் தூக்கக் கிறக்கம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் வேலை. கடைசி மாதங்களில் வயிறு, நெஞ்செரிச்சல், அடிக்கடி சிறுநீர் எல்லாம் சேர்ந்து கெடுக்கும். ஒருக்களித்துப் படுங்கள், இடப்பக்கம் நல்லது, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாந்து நெடுநேரம் படுக்க வேண்டாம். படுத்ததும் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். புதிதாகக் குறட்டை வந்து ரத்த அழுத்தமும் ஏறினால் உடனே சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் இன்னொரு கேள்வியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பச்சை உடம்புக்காரி பகலில் தூங்கினால் உடம்பில் நீர் ஏறும் என்பார்கள். ஏறாது. ராத்திரி நான்கு முறை எழுந்தவள் பகலில் பிள்ளை தூங்கும்போது தூங்கத்தான் வேண்டும். தொடர்ந்து தூக்கம் கெட்டால் மனச்சோர்வுக்கு வழி திறக்கும்.

வீட்டுக்காரர் விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட். பகலில் படுக்கிறார், ஆனால் தூக்கம் நாலு மணி நேரம்கூட வருவதில்லை.

இரவெல்லாம் விழித்தால் தூக்க அழுத்தம் நிறையச் சேர்ந்திருக்கும், அதனால் படுத்ததும் தூங்கிவிடுவார். ஆனால் காலை ஒன்பது, பத்துக்குக் கடிகாரம் 'எழுந்திரு' என்கிறது, உடம்புச் சூடு ஏறுகிறது. போதாததற்குப் பக்கத்துக் கொட்டகைத் தறிச் சத்தம், பால்காரர், கேஸ் சிலிண்டர் வண்டி. அதனால் இரவு ஷிப்ட்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தூங்குகிறார்கள். இருபத்தைந்து வயதில் தாங்கிய உடம்பு நாற்பதைத் தாண்டினால் தாங்காது. பகலில் தூங்கும் திறன் வயதோடு தேயும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும், மறுபடி 2019-லும், இரவு ஷிப்ட் வேலையை அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் சேர்த்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் எல்லாம் இவர்களுக்குக் கூடுதல். பயமுறுத்தச் சொல்லவில்லை. தறிக்காரரும், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரரும், லீ பஜாரில் விடியுமுன் மூட்டை இறக்குபவரும், உருக்காலை ஷிப்ட்காரரும் இருக்கும் ஊர் இது. வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள்.

தூக்கத்துக்கு: ஷிப்ட் முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டு வரட்டும், வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் மட்டும் வேண்டாம், அப்போது வண்டியையே எடுக்கக் கூடாது. வீட்டின் உள் அறையில் ஜன்னலுக்குப் பழைய கறுப்புப் போர்வை தொங்கவிடுங்கள். தறியில் போட்டுக்கொள்ளாத காதடைப்பானை இங்கேயாவது போட்டுக்கொள்ளட்டும். தறியிலும் போட்டுக்கொள்ள வேண்டும், அது வேறு கதை. காலையில் நாலைந்து மணி நேரம், வேலைக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கலாம். ஷிப்ட் மாறுமானால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாறுவது உடம்புக்கு எளிது, எதிர் வரிசை கஷ்டம். இதை மேஸ்திரியிடம் கேட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லாத விஷயம்.

மே மாதம் வீட்டில் தூங்க முடியவில்லை. ஏற்காடு போனால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வருகிறது. மலைக் காற்றா?

தூக்கம் வர உடம்பின் உள்சூடு ஒரு டிகிரி அளவாவது இறங்க வேண்டும். கை கால் வழியாக அது சூட்டை வெளியே தள்ளும். சிமென்ட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி உங்கள் மேல் கொட்டும்போது எங்கே தள்ளுவது? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அதோடு இருட்டு, அமைதி, பகலில் ஏறி இறங்கிய நடை, மறுநாள் வேலை இல்லை. இவ்வளவும் சேர்ந்து வேலை செய்கிறது. இதைவிட ரொம்ப உயரம், 2,500 மீட்டருக்கு மேல் போனால் தூக்கம் கெடத்தான் செய்யும்.

கீழேயே இருப்பவர்களுக்கு: படுக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் வந்து சூடு வெளியேறும். மாலையில் மாடித் தரையில் தண்ணீர் விடுவதும், மொட்டை மாடியில் கொசுவலை கட்டிப் படுப்பதும் நல்ல வழிகளே. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் வெக்கை இன்னும் கஷ்டம், வீட்டில் காற்று வரும் இடத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஏற்காட்டுக் காபிதான் குடிக்கிறோம். சாயங்காலம் ஒரு டம்ளர் என்ன செய்யும்?

காபின், அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்தாறு மணி நேரம் ஆகும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் நெடுநேரம். சேர்வராயன் மலையில் முக்கியமாக விளையும் அராபிகா வகைக் காபியில், ரொபஸ்டா வகையில் இருப்பதில் சுமார் பாதி காபின்தான், சிக்கரியில் சுத்தமாக இல்லை. அதற்காக மாலை ஆறு மணிக்கு இரண்டாவது டம்ளர் கேட்க வேண்டாம். இளவட்டங்களுக்குத் தெரியாத பாதிப்பு ஐம்பதுக்கு மேல் தெரியும். மதியம் இரண்டு மணிக் காபியோடு நிறுத்திப் பாருங்கள்.

நாற்பத்தெட்டு வயது. ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து விழிக்கிறேன், அப்புறம் தூக்கமில்லை.

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்குவதால் திடீர்ச் சூடும் வியர்வையும் வரும். பல பெண்கள் இதை 'வீட்டுக் கவலை' என்று எடுத்துக்கொண்டு வாயைத் திறப்பதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு. பருத்திப் புடவை, மின்விசிறி, இரவுக் காரத்தைக் குறைப்பது உதவும். இந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கும் குறட்டை நோய் கூடும், அதையும் கவனியுங்கள்.

குறட்டை விட்டால் ஆழ்ந்து தூங்குகிறார் என்றுதானே அர்த்தம்?

சத்தம் ஒரே சீராக வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கர்ரென்று ஏறி, திடீரென்று அடங்கி, பத்து இருபது விநாடி மூச்சே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு, குறட்டை நோய் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பாதி விழிக்கிறது. ஒரு இரவில் நூறு முறை நடந்தாலும் காலையில் அவருக்குத் தெரியாது. தலைவலியும், பகல் தூக்கமும், மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தமும்தான் தெரியும். சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுபவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஸ்டீயரிங் பிடித்தபடி மூன்று விநாடி கண்ணயர்ந்தால் போதும், விபத்து. எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, இரவில் மது தொடாமல் இருப்பது, தேவைப்பட்டால் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சி.பேப் கருவி என்று சிகிச்சை நன்றாகவே இருக்கிறது. மது தூங்க வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியைக் கெடுத்து மூச்சடைப்பையும் கூட்டும்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து ரேடியோ போடுகிறார். தூக்கமே இல்லை என்கிறார்.

முதலில் கணக்குப் போடுவோம். எட்டு மணி சீரியலுக்கு நாற்காலியிலேயே தலை தொங்குகிறதா? அது அரை மணி நேரம். எட்டரைக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். ஆக எட்டு மணி நேரம் தூங்கிவிட்டார். தூக்கம் எங்கேயும் போகவில்லை, நகர்ந்திருக்கிறது. வயது ஏற ஏற உடல் கடிகாரம் முன்னுக்கு வரும். பிளஸ் டூ பேரனுக்கு நடப்பதற்கு நேர் எதிர். பேரன் படுக்கும்போது தாத்தா எழத் தயாராகிறார், ஒரே ஹாலில் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். இதில் யார் மேலும் குற்றமில்லை.

தரமும் மாறுகிறது. ஆழ்ந்த தூக்கம் இளமையிலிருந்தே குறைந்துகொண்டு வந்து, எழுபதில் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். லேசான தூக்கம் என்பதால் நாய் குரைத்தாலும் விழிப்பு வரும். இரவில் இரண்டு முறை விழித்துப் பத்து நிமிடத்தில் மறுபடி தூங்கினால் அது இந்த வயதின் இயல்பு.

விழிப்பு மூன்றிலிருந்து நாலரைக்கு நகர வேண்டுமானால் மாலை நேரப் பழக்கத்தை மாற்றுங்கள். ஐந்து மணிக்கு மேல் வெயில் இறங்கியதும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடக்கட்டும். மாலை வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். சீரியல் நேரத்தில் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுங்கள். மத்தியானத் தூக்கம் அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன். மாலை ஆறுக்கு மேல் தண்ணீரைக் குறைக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை இருந்தால் எந்த வேளை போடுவது என்று மருத்துவரைக் கேளுங்கள், பெரும்பாலும் காலைதான் நல்லது. கண்ணில் புரை வளர்ந்தால் கடிகாரத்துக்குப் போக வேண்டிய நீல வெளிச்சமும் தடைப்படும். புரை அறுவைக்குப் பிறகு தூக்கம் மேம்பட்டவர்கள் உண்டு. பாத்ரூம் வழியில் சின்ன மஞ்சள் விளக்கு ஒன்று எரியட்டும். இரவில் எழுந்து இடறி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் இந்த வயதின் பெரிய ஆபத்து.

அண்ணா, பாதி மாத்திரை மட்டும் கொடுங்களேன். முன்பு டாக்டர் எழுதினதுதான்.

இதைக் கேட்டு வராத நாளே இல்லை. தூக்கத்துக்காகக் கேட்கப்படும் அல்பிரசோலம் போன்ற மருந்துகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்-1 பட்டியலில் இருக்கின்றன. புதுச் சீட்டு வேண்டும், தனி நோட்டில் மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் எழுதி மூன்று வருடம் நான் வைத்திருக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம். இந்த மாத்திரைகள் முதியவர்களுக்கு நடையைத் தடுமாற வைக்கும், நினைவைக் குழப்பும், குறட்டை நோய் உள்ளவருக்கு மூச்சை மேலும் அடக்கும். சில வாரத்தில் உடம்பு பழகி, இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலைக்கு வந்துவிடும். சளி மாத்திரை போட்டுத் தூங்குவதும் இந்த வயதில் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று முடியும். வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர் மட்டும் தானாகத் திடீரென நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லாமல் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-ல் வழிகாட்டியது. சாரம் இதுதான்: கண் சொக்கும்போது மட்டும் படுங்கள். இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுங்கள். ஆறு மணி நேரம்தான் தூக்கம் வருகிறது என்றால் ஒன்பது மணி நேரம் படுக்கையில் புரளாதீர்கள். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும். வலிப்பு நோய், மனநலச் சிகிச்சை, தடுமாற்றம் உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

தாத்தா தூக்கத்தில் கத்துகிறார், கையை வீசி ஆயாவை அடித்தே விட்டார்.

கோபம் இல்லை. கனவு காணும்போது உடம்புத் தசைகள் செயலற்றுப் போக வேண்டும். அந்தப் பூட்டு சிலருக்குப் பழுதாகி, கனவில் செய்வதை உடம்பும் செய்யும். 1986-ல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம். சிலருக்குப் பல வருடங்கள் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன் அறிகுறியாகவும் இருக்கும் என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை ஆயாவுக்குத் தனிக் கட்டில், பக்கத்தில் கூர்மையான சாமான் எதுவும் வேண்டாம்.

யாரிடம் காட்டுவது? போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

குறட்டை, மூச்சடைப்பு என்றால் நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர். மூன்று மாதத்துக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் வரவில்லை என்றால் மனநல மருத்துவர், வெட்கப்பட ஒன்றுமில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் துறைகள் இருக்கின்றன, ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, இரவில் எழுந்த தடவை எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டு போங்கள். போடும் எல்லா மாத்திரை அட்டைகளும் பையில் இருக்கட்டும், நாட்டு மருந்து உட்பட. பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள். குறட்டையைக் கேட்டவர் அவர்தான், நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார்.